வேர்டு கோப்பும் 17 ஆண்டுப் பழைய பாக்கியும்

2017 நவம்பரில் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட ஒரு பாதுகாப்புத் திருத்தத்தைப் பிரித்துப் பார்த்த ஆய்வாளர்கள் திகைத்துப்போனார்கள். வேர்டு ஆவணத்தில் கணிதச் சமன்பாடு எழுத உதவும் ‘ஈக்வேஷன் எடிட்டர்’ என்ற சின்ன நிரலில் இருந்த ஓட்டையை அடைக்க வந்த திருத்தம் அது. இப்படிப்பட்ட நேரங்களில் நிரலின் மூல வரிகளைச் சரிசெய்து, புதிதாகத் தொகுத்து வெளியிடுவதுதான் வழக்கம். இங்கே அது நடந்த சுவடே இல்லை. ஏற்கெனவே தொகுத்து முடித்த இயந்திர மொழிக் கோப்பிலேயே யாரோ கையால் ஒட்டுப்போட்டிருந்தார்கள். மூல வரிகள் நிறுவனத்தின் கையில் இருக்கின்றனவா என்ற சந்தேகமே எழுந்தது.

அந்த நிரல் தொகுக்கப்பட்டது 2000 நவம்பரில். எழுதியது டிசைன் சயின்ஸ் என்ற வேறொரு நிறுவனம். ஆஃபீஸ் 2007 பதிப்பில் புதிய சமன்பாட்டு வசதி வந்துவிட்டது. ஆனாலும் பழைய ஆவணங்கள் திறக்க வேண்டுமே என்று பழைய நிரலையும் உள்ளேயே விட்டுவைத்தார்கள். ஆவணத்தில் வரும் எழுத்துருவின் பெயர் எவ்வளவு நீளம் என்று அது சரிபார்க்காது. ஒதுக்கிய இடத்தைவிட நீளமான பெயரை வேண்டுமென்றே கொடுத்தால், வழிந்த பகுதி கணினிக்குக் கட்டளையாகிவிடும். அது வேர்டுக்கு வெளியே தனி நிரலாக ஓடியதால், இடைப்பட்ட ஆண்டுகளில் வேர்டுக்குச் சேர்த்த காவல் எதுவும் அதற்குப் பொருந்தவில்லை. வாசலுக்கு இரும்புக் கதவு போட்டுவிட்டுக் கொல்லைப்புறத்துப் படலை அப்படியே விட்ட கதை. 2018 ஜனவரியில் இன்னோர் ஓட்டையும் தெரியவந்த பிறகுதான் அந்த நிரலையே நீக்கினார்கள்.

இத்தனைக்கும் பிறகு அலுவலகங்களில் நடக்கும் பயிற்சி வகுப்புகளில் சொல்லப்படுவது என்னவோ ஒரே அறிவுரைதான்: தெரியாதவர் அனுப்பிய கோப்பைத் திறக்காதீர்கள். நல்லது. வேலைக்கு வரும் விண்ணப்பங்களைப் படிக்கும் அலுவலர் யாருடைய கோப்பைத் திறப்பார்? மனுக்களைப் பிரிக்கும் எழுத்தர்? செய்தி ஆசிரியர்? தெரியாதவர்களின் கோப்பைத் திறப்பதற்குத்தான் அவர்களுக்குச் சம்பளம். பழியைத் திறந்தவர் மேல் போடுவது, மென்பொருளைச் செய்தவருக்கு ரொம்ப வசதி.

மேக்ரோ விவகாரம் இதைவிட மோசம். ஆவணத்துக்குள்ளேயே நிரல் எழுத இடம்தரும் இந்த வசதியைக் கொண்டு ‘கான்செப்ட்’ என்ற வைரஸ் பரவியது 1995இல். 1999 மார்ச்சில் வந்த ‘மெலிசா’, ஒருவர் வேர்டு கோப்பைத் திறந்ததும் அவருடைய முகவரிப் பட்டியலிலிருந்து 50 பேருக்குத் தன்னைத் தானே அனுப்பிக்கொண்டது. 2015 டிசம்பர் 23 அன்று உக்ரைனில் சுமார் 2.25 லட்சம் இணைப்புகளுக்கு மின்சாரம் நின்றது. அதற்குப் பல மாதங்கள் முன்பே ஆஃபீஸ் இணைப்புக் கோப்புகளின் மேக்ரோ வழியாகத் தாக்குதல்காரர்கள் மின்நிறுவனங்களின் கணினிகளுக்குள் நுழைந்திருந்தார்கள். இணையத்திலிருந்து வரும் கோப்புகளில் மேக்ரோவைத் தானாகவே தடுக்க மைக்ரோசாஃப்ட் முடிவெடுத்தது 2022இல். நடுவில் சில வாரங்கள் அந்தத் தடையையும் தளர்த்திவிட்டு மறுபடி கொண்டுவந்தது. 27 ஆண்டுகள்!

அதே 2022இல்தான் ‘ஃபோலினா’ என்ற ஓட்டை தெரியவந்தது. வேர்டு கோப்பு வெளியிலிருந்து ஒரு பக்கத்தை இழுத்து, அதன் மூலம் விண்டோஸின் பழுது கண்டறியும் கருவியைக் கிளப்பிவிடும். மேக்ரோ தேவையில்லை. ஆர்டிஎஃப் வடிவமாக இருந்தால் கோப்பைத் திறக்கக்கூட வேண்டாம், முன்னோட்டம் பார்த்தாலே போதும். ஏப்ரலில் ஆய்வாளர்கள் இதைத் தெரிவித்தபோது, இது பாதுகாப்புக் குறை அல்ல என்று மைக்ரோசாஃப்ட் திருப்பி அனுப்பியது. திருத்தம் வந்தது ஜூன் 14இல்.

அதே ஆண்டு அக்டோபரில் சியோலின் இதேவோன் பகுதியில் நெரிசலில் சிக்கி 150க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஓரிரு நாளிலேயே அந்த விபத்தின் நிலவர அறிக்கை என்ற பெயரில் ஒரு வேர்டு கோப்பு தென்கொரியாவில் உலவத் தொடங்கியது. வடகொரிய உளவுக் குழுவின் வேலை என்றது கூகுள். அந்தக் கோப்பு பயன்படுத்திக்கொண்டது இன்டர்நெட் எக்ஸ்புளோரரின் ஓட்டையை. அந்த உலாவிக்கு ஜூன் மாதமே விடைகொடுத்தாயிற்று. வேர்டின் வயிற்றுக்குள் மட்டும் அது உயிரோடு இருந்தது.

பழைய கோப்புகள் திறக்க வேண்டும் என்ற வாதத்தைச் சும்மா தள்ளிவிட முடியாது. நீதிமன்றங்களிலும் பல்கலைக்கழகங்களிலும் 20 ஆண்டுக் கோப்புகள் கிடக்கின்றன. ஆனால் அவற்றைத் திறக்கத் தனியாக ஒரு மாற்றுக் கருவி தரலாமே. என்றோ ஒரு நாள் ஒருவர் திறக்கப்போகும் சமன்பாட்டுக்காக அத்தனை கணினிகளிலும் ஓட்டையை வைத்திருக்க வேண்டுமா? இலவச மாற்றான லிப்ரே ஆஃபீஸுக்கு மாறினால் தீர்ந்தது என்பதும் சரியல்ல. ஆவணத்தில் மறைந்திருக்கும் சுட்டியின் மேல் மவுஸ் நகர்ந்தாலே நிரல் ஓடும் குறை அதிலும் 2019இல் வெளியானது.

அடைத்த ஓட்டையும் அடைபட்டுவிடுவதில்லை. இலங்கை, வங்கதேசம், பாகிஸ்தான் அரசு அலுவலகங்களைக் குறிவைத்த ‘சைட்விண்டர்’ குழுவைப் பற்றி அக்ரோனிஸ் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தினர் 2025 மே மாதம் எழுதினார்கள். அந்தக் குழுவின் ஆயுதங்களில் ஒன்று, அதே ஈக்வேஷன் எடிட்டர் ஓட்டை. ஏழு ஆண்டுகளுக்கு மேலாகத் திருத்தம் போடாத கணினிகள் இருக்கும் என்ற நம்பிக்கைதான் அவர்களுக்கு மூலதனம். 2025 அக்டோபர் 14உடன் ஆஃபீஸ் 2016, 2019 பதிப்புகளுக்கும் ஆதரவு முடிந்துவிட்டது. அந்தப் பதிப்புகளை வைத்திருக்கும் அரசுத் துறைகள் எழுத்தருக்கு இன்னொரு பயிற்சி வகுப்பு நடத்துவதைவிட, அடுத்த கொள்முதல் ஒப்பந்தத்தில் ஒரு விதி சேர்ப்பது மேல்: எந்தப் பழைய பகுதி உள்ளே இருக்கிறது, எப்போது நீக்கப்படும் என்று விற்பவர் எழுதித்தர வேண்டும்.

வருமான வரித் துறையும் தன் பங்குக்கு ஒன்று செய்யலாம்: மக்களிடம் மேக்ரோவைக் கேட்காமல் இருக்கலாம். கணக்குத் தாக்கல் செய்வதற்கான எக்ஸெல் கோப்பை இணையத்தில் தந்து, மேக்ரோவை அனுமதியுங்கள் என்று மக்களுக்குக் குறிப்பும் எழுதித் தந்த துறை அது.