புயல் ஓய்ந்த பிறகும் சாவு ஓய்வதில்லை

2017 செப்டம்பர் 20 அன்று மரியா புயல் போர்ட்டோ ரிக்கோவைத் தாக்கியது. டிசம்பரில் அரசு சொன்ன சாவுக் கணக்கு 64. மறு ஆண்டு ஆகஸ்டில் அதே அரசு 2,975 என்று திருத்தியது. ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், புயலுக்குப் பிந்தைய ஆறு மாத மரணங்களை வழக்கமான மரணங்களோடு ஒப்பிட்டு எட்டிய எண் அது. இந்த இரண்டு எண்களுக்கும் இடைப்பட்டவர்களில் பெரும்பாலோரைக் கொன்றது காற்றல்ல. மலைக் கிராமங்களில் மாதக்கணக்கில் மின்சாரம் இல்லை. மின்சாரம் இல்லையென்றால் ஆக்சிஜன் கருவி ஓடாது, இன்சுலின் கெட்டுவிடும், தண்ணீர் இறைக்க முடியாது. சாலை அறுந்த ஊரில் டயாலிசிஸ் நோயாளி எங்கே போவார்? வளர்ச்சி குன்றிய நகராட்சிகளில் மரண அபாயம் 45 சதவீதம் கூடியிருந்தது. ஆறு மாதமாகியும் அது தணியவில்லை.

இது வெறும் மதிப்பீடு, பெயர்ப் பட்டியல் அல்ல என்பார்கள். உண்மைதான். ஆனால் இறப்புச் சான்றிதழில் மாரடைப்பு என்று மட்டும் எழுதினால் புயலின் பங்கு மறைந்துவிடும். மதிப்பீடுதான் அதை வெளிக்கொணர்கிறது. முதியவர்கள் எப்படியும் இறந்திருப்பார்கள் என்ற வாதம் கொடுமையானது, தவறானதும்கூட. வழக்கமாக நிகழும் இறப்புகளைக் கழித்த பின் எஞ்சியதே இந்த எண். கணக்கு முதல் வாரத்தோடு முடிந்தால் நிவாரணமும் அத்தோடு முடியும். எந்த நாட்டில் புயல் அடித்தாலும் ஆறு மாதம் வரை மரணங்களைக் கணக்கெடுத்து வெளியிட வேண்டும். கிராமச் சுகாதார நிலையத்துக்கே முதலில் மின்சாரம் தர வேண்டும்.