இரும்பு உடம்பு என்ற மிதப்பு

‘தினமும் ரெண்டு மணி நேரம் கராத்தே பண்றவனுக்கு ஹார்ட் அட்டாக்கா? சும்மா இருங்க சார்!’ சிலம்பக் களம், குங்ஃபூ வகுப்பு, எம்.எம்.ஏ. ஜிம் என்று இடம் மாறினாலும் பேச்சு மாறுவதில்லை. வியர்வை சிந்துகிறவன் இதயத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாமாம். ஆளைக் கொல்லும் மிதப்பு இது.

பயிற்சி மாரடைப்பின் அபாயத்தைக் குறைக்கும், யாரும் மறுக்கவில்லை. ஆனால் குறைப்பது வேறு, ஒழிப்பது வேறு. அமெரிக்காவில் ஓட்டப் பயிற்சியைப் பரப்பிய ஜிம் ஃபிக்ஸ் 1984இல் ஓடப் போன இடத்திலேயே இறந்தார். வயது 52. பிரேதப் பரிசோதனையில் இதய ரத்தக் குழாய்களில் கடுமையான அடைப்பு தெரிந்தது. அவருடைய தந்தைக்கு 35 வயதில் மாரடைப்பு வந்தது, 43 வயதில் உயிர் போனது. மகன் சிகரெட்டை விட்டார், எடையைக் குறைத்தார், புத்தகம் எழுதிப் புகழ்பெற்றார். அப்பாவிடமிருந்து வந்ததை மட்டும் அவரால் ஓடித் தொலைக்க முடியவில்லை.

நம் நிலைமை இன்னும் மோசம். 52 நாடுகளில் நடந்து 2004இல் வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வின்படி, தெற்காசியர்களை முதல் மாரடைப்பு தாக்குவது மற்றவர்களைவிடச் சுமார் ஆறு ஆண்டுகள் முன்னதாகவே. உடலைப் பேணுவதில் பெயரெடுத்த கன்னட நடிகர் புனித் ராஜ்குமார் 2021இல் 46 வயதில் மாரடைப்பில் போனார்.

‘நேற்றுகூட மூச்சு வாங்காமல் மூன்று ரவுண்டு ஸ்பாரிங் போட்டாரே!’ என்று வியக்கிறோம். வியக்க ஒன்றுமில்லை. ரத்தக் குழாயைப் பாதிகூட அடைக்காத கொழுப்புத் திட்டு திடீரென வெடித்து, அதன்மேல் ரத்தம் உறைந்தால், சில நிமிடங்களில் குழாய் மூடிக்கொள்ளும். முந்தின நாள் வரை எந்த அறிகுறியும் இல்லாமல் போகலாம்.

இளைஞர்களுக்கு வேறு கதை. இதயத் தசை தடித்துப்போவது, மின்னோட்டக் கோளாறு போன்றவை பெரும்பாலும் பிறவியோடு வந்தவை. யுஎஃப்சி வீரர் டான் ஹார்டிக்கு அப்படியொரு மின்னோட்டக் கோளாறு இருந்தது. கலிஃபோர்னியாவில் 2013இல் நடக்கவிருந்த சண்டைக்கு முன் எடுத்த கட்டாய இசிஜியில்தான் அது பிடிபட்டது. அதுவரை தொழில்முறைச் சண்டை போட்டவருக்கு உடம்பில் எந்தத் தொல்லையும் இல்லை. இதுபோக, நல்ல இதயமே நெஞ்சில் விழும் ஓர் அடியால் நின்றுபோவதும் உண்டு. இதயத் துடிப்பின் மிகக் குறுகிய ஒரு கணத்தில் அடி விழுந்தால் போதும்.

பயிற்சிக்கூடத்தின் பெரிய குற்றம் இன்னொன்று. வலியைப் பொறுப்பதே வீரம் என்று சிறுவயதிலிருந்து சொல்லிக்கொடுக்கிறோம். அப்படி வளர்ந்த மாஸ்டர், நாற்பத்தெட்டு வயதில் வகுப்பு நடுவே இடது தோளைத் தேய்க்கிறார். தாடை இழுக்கிறது, வியர்வை குளிர்ந்து கொட்டுகிறது. ‘வாய்வுடா’ என்கிறார். ஒரு மாணவன் சோடா வாங்க ஓடுகிறான், இன்னொருவன் தைலம் தேய்க்கிறான். 108ஐ அழைக்க யாருக்கும் தோன்றவில்லை. தோன்றினாலும் மாஸ்டர் முன்னால் சொல்லத் துணிவில்லை. தசைப்பிடிப்பைப் பல்லைக் கடித்துத் தாங்கலாம். மாரடைப்பைத் தாங்கத் தாங்க, ரத்தம் கிடைக்காத இதயத் தசை செத்துக்கொண்டே போகும்.

‘இசிஜி எடுத்தால் எல்லாம் தெரிந்துவிடுமா?’ என்பார்கள். தெரியாதுதான். அடைப்பு இருப்பவருக்கும் இசிஜி சரியாக வரலாம். ஆனால் போட்டி விளையாட்டு வீரர்களுக்கு இசிஜியோடு பரிசோதனையை 1982இல் கட்டாயமாக்கிய இத்தாலியில், வெனெட்டோ பகுதியில் இளம் வீரர்களின் திடீர் மரணம் பிந்தைய ஆண்டுகளில் 89 சதவீதம் குறைந்ததாக 2006இல் ஆய்வு வெளிவந்தது. எல்லாவற்றையும் காட்டாத சோதனை எதையுமே காட்டாது என்று வாதிடுவது, அடியைத் தடுக்கத் தெரியாதவன் கண்ணை மூடிக்கொள்வது போல.

செலவும் பெரிதல்ல. நாற்பதைத் தொட்டவர் ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும். அப்பாவுக்கு 55க்குள்ளோ அம்மாவுக்கு 65க்குள்ளோ மாரடைப்பு வந்திருந்தால் நாற்பது வரைகூடக் காத்திருக்கக் கூடாது. பயிற்சியின்போது மயங்கி விழுந்த மாணவனை ‘சாப்பிடாம வந்திருப்பான்’ என்று வீட்டுக்கு அனுப்பாமல் இதய மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். இதயம் நின்றவருக்கு நெஞ்சை அழுத்தாமல் கடத்தும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பைச் சுமார் பத்து சதவீதம் தின்றுவிடும். ஆகவே கூடத்தில் எல்லோருக்கும் முதலுதவி தெரிந்திருக்க வேண்டும்.

பெல்ட் தேர்வுப் படிவத்தில் உயரம், எடை, ரத்த வகை எல்லாம் கேட்கிறோம். குடும்பத்தில் யாருக்காவது இளவயதில் இதய நோய் வந்ததா என்று கேட்க ஒரு வரி போதும். நெஞ்சை அழுத்தி உயிர் மீட்கத் தெரியாதவருக்கு பிளாக் பெல்ட் கிடையாது என்று சங்கங்கள் விதி வைக்கட்டும். ஓடு உடைப்பதைவிட அது ஒன்றும் கஷ்டமான தேர்வு இல்லை.