கத்துற எஞ்சினைக் கழட்டிப் பாருங்கோ

1:87 அளவில் மலிவான மாதிரி ரயில் எஞ்சின் ஒன்று வாங்கி, தண்டவாளத்தில் வைத்த உடனே அது கிரைண்டர் மாதிரிக் கத்தினால், கன பேர் "மலிவுச் சாமான் அப்பிடித்தான்" என்று பெட்டிக்குள் போட்டுவிடுகிறார்கள். எங்களுக்கு அதில் உடன்பாடில்லை.

முதலில் மேல்கூட்டைக் கழட்டிவிட்டு ஓட விடுங்கோ. சத்தம் குறைந்தால், வெற்று பிளாஸ்டிக் கூடுதான் மேளம் மாதிரி அதிர்வைப் பெருக்குகிறது. கீச்சிட்டால், மோட்டர் தண்டைத் தாங்கும் பேரிங் காய்ந்திருக்கலாம். பிளாஸ்டிக்கைக் கெடுக்காத மெல்லிய எண்ணெய், ஊசிமுனையில் ஒரு துளி போதும். கூடினால் அது கொம்யூட்டேட்டரில் கரித்தூளோடு சேர்ந்து அடைத்துக்கொள்ளும். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம், நாள்பட்டால் பிசினாகிவிடும். கரகரத்தால் பற்சக்கரத்தைப் பாருங்கோ: பழைய கிரீஸைத் துடைத்துவிட்டுப் புதிதாகக் கொஞ்சம் பூசினால் சரி. பிறகு நடுத்தர வேகத்தில் முன்னுக்கு 30 நிமிடம், பின்னுக்கு 30 நிமிடம் ஓட விடுங்கோ.

மூன்று துருவ மோட்டர் ஐந்து துருவ மோட்டர் மாதிரி வழுக்கிக்கொண்டு ஓடாதுதான். அதை ஒத்துக்கொள்கிறோம். ஆனால் காசுக்காரருக்குத்தான் இந்தப் பொழுதுபோக்கு என்று சொல்லுகினமே, அதை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டோம். ஸ்க்ரூ ட்ரைவரும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால், மலிவு எஞ்சினும் வடிவா ஓடும்.