ரெடிமேட் வேண்டாம், ஒரு புல்டோசர் செய்யுங்கள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "இதில் என்னென்ன சாஃப்ட்வேர் போட்டுக்கொள்ளலாம்?" என்பதுதான். ஒரு புல்டோசர் செய்யுங்கள் என்பேன். கிண்டல் செய்வதாக நினைக்கிறார்கள். ரிமோட்டில் ஓடும் சின்ன மாடலைத்தான் சொல்கிறேன்.

காரணம் சொல்வதற்கு முன் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நான் இன்ஜினியரிங் படித்தவன். கடைசி வருட பிராஜெக்டைப் பணம் கொடுத்து வாங்கினேன். ரிப்போர்ட்டைக்கூட அவர்களே டைப் செய்து பைண்டு போட்டுக் கொடுத்தார்கள். வைவாவுக்கு மனப்பாடம் செய்தேன். மார்க்கும் வந்தது, வேலையும் வந்தது. சில வருடம் கழித்து அக்கா மகன் ஒரு பொம்மை புல்டோசரை நீட்டி, "மாமா, நீங்க இன்ஜினியர்தானே? இதை ரிமோட்ல ஓட வைங்க" என்றான். எனக்கு சால்டரிங் செய்யக்கூடத் தெரியாது.

சென்னை ரிச்சி தெருவுக்குப் போய் ஒரு ஆர்டுயினோ போர்டு, கியர் வைத்த இரண்டு மோட்டார், பிளாஸ்டிக் செயின் எல்லாம் வாங்கி வந்தேன். ஆர்டுயினோ என்பது உங்கள் கம்ப்யூட்டரில் ப்ரோகிராம் எழுதி, யுஎஸ்பி கேபிள் வழியாக ஏற்றக்கூடிய சின்ன போர்டு. எழுதுவதற்கான சாஃப்ட்வேர் இலவசம். (விலை மலிவான போர்டு வாங்கினால் அதில் பெரும்பாலும் சிஹெச்340 சிப் இருக்கும். கம்ப்யூட்டர் போர்டைக் கண்டுகொள்ளவில்லை என்றால் அதற்கான டிரைவரைப் போட்டுப் பாருங்கள். இது தெரியாமல் எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது.)

முதல் வேலையாக மோட்டாரை நேராக போர்டின் பின்னில் சொருகினேன். ஒரு பின் தாங்குவது அதிகபட்சம் 40 மில்லி ஆம்பியர்; மோட்டார் சிக்கிக்கொண்டால் ஒரு ஆம்பியர் வரை இழுக்கும். அந்தப் பின் செத்துப்போனது. ஓம் விதியைப் பரீட்சையில் எழுதித் தேறியவன் நான்! நடுவில் எல்298என் என்ற மோட்டார் டிரைவரைப் போட வேண்டும். அதுவும் சுமார் 2 வோல்ட்டைத் தானே தின்றுவிடும் என்பதை, நான்கு பென்சில் பேட்டரி போட்டு வண்டி நகராமல் நின்றபோதுதான் தெரிந்துகொண்டேன்.

புல்டோசருக்கு ஸ்டியரிங் சக்கரம் திருப்பும் வேலை இல்லை. இடது செயின் மெதுவாக ஓடினால் வண்டி இடப்பக்கம் திரும்பும். ஒன்று முன்னால், ஒன்று பின்னால் ஓடினால் நின்ற இடத்திலேயே சுற்றும். ப்ரோகிராமில் வேகத்தை 0 முதல் 255 வரை எண்ணாகக் கொடுக்கிறோம். இரண்டு மோட்டாருக்கும் 200 கொடுத்தேன். வண்டி இடது பக்கமே போய்ச் சுவரில் முட்டியது. ஒரே கடையில் ஒரே நேரத்தில் வாங்கிய இரண்டு மோட்டார்கள் ஒரே வேகத்தில் ஓடவில்லை! இடதுக்கு 214 என்று மாற்றிய பிறகுதான் நேராக ஓடியது. ஆபீஸில் நான் எழுதும் சாஃப்ட்வேரில் 200 என்றால் 200தான்.

அடுத்தது எடை. கேட்டர்பில்லர் டி9 சுமார் 48 டன். என் மாடல் அதில் 32-ல் ஒரு பங்கு அளவு. அப்படியானால் எடையும் 32-ல் ஒரு பங்கா? இல்லை. நீளம், அகலம், உயரம் மூன்றுமே குறைவதால் 32-ஐ மூன்று முறை பெருக்கி வகுக்க வேண்டும். ஒன்றரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவாக வரும். என் வண்டி 600 கிராம்தான் இருந்தது. மணலைத் தள்ளச் சொன்னால் செயின் மட்டும் வழுக்கிச் சுற்றியது. இரும்புக் கடையில் நட்டு போல்ட்டு வாங்கி உள்ளே நிரப்பினேன். தள்ளியது.

கடையில் இதைவிட அழகான ரிமோட் புல்டோசர் கிடைக்கிறதே என்பீர்கள். உண்மைதான். கெட்டுப்போன பாகங்களையும் சேர்த்தால் எனக்கு ஆன செலவு அதைவிட அதிகம். ஆனால் அது ஓடாவிட்டால் குப்பைக்குப் போகும். இது ஓடாவிட்டால் எனக்குக் காரணம் தெரியும். உங்கள் பிள்ளை நாளைக்கு பிராஜெக்டை விலைக்கு வாங்கக் கூடாது என்றால், வீட்டில் இருக்கும் கம்ப்யூட்டரில் இப்போதே இப்படி ஒன்றை ஆரம்பிக்க விடுங்கள். பாகம் வாங்கக் காசு இல்லையென்றால் டிங்கர்கேட் தளத்தில் சர்க்யூட்டைத் திரையிலேயே இலவசமாக ஓட்டிப் பார்க்கலாம்.

பிளேடைத் தூக்க ஒரு சர்வோ மோட்டார் போட்டாயிற்று. பின்பக்க ரிப்பர் இன்னும் பாக்கி. அதன் ப்ரோகிராமைத் தானே எழுதுவதாக அக்கா மகன் சொல்லியிருக்கிறான்.