டர்போ வாங்க காசு இருக்கு, பிரேக்குக்கு இருக்கா?

நாமக்கல்லில் எந்த லாரி டிரைவரைக் கேட்டாலும் சொல்வார். தொப்பூர் மேடு ஏறிப் போன வண்டியை நிறுத்தின கையோடு இன்ஜினை ஆஃப் பண்ணக் கூடாது. ரெண்டு மூணு நிமிஷம் சும்மா ஓடவிடணும். இல்லாட்டி டர்போ போயிரும். அவர் இன்ஜினியரிங் படித்தவர் இல்லை. ஆனால் நிமிஷத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும் அந்தத் தண்டைக் காப்பாற்றுவது ஆயில் ஓட்டம்தான் என்பது அவருக்குத் தெரியும். டர்போ போனால் யார் பாக்கெட்டில் இருந்து காசு போகும் என்பதும் தெரியும்.

அந்த லாரி ஓனர் வீட்டு மேஜையில் ஒரு நீள நோட்டு இருக்கும். டீசல், டோல், பேட்டா, டயர், இன்சூரன்ஸ், எஃப்.சி., டியூ... ஒவ்வொரு டிரிப்புக்கும் ஒரு பக்கம். ஒரு ஜோடி டயர் மாற்றுவதென்றால் நோட்டைப் புரட்டிப் பார்க்காமல் மாற்ற மாட்டார்.

இப்போது அதே வீட்டுப் பையனுக்கு வருவோம். கையில் ஸ்போர்ட்ஸ் கார். செல்போனில் ஏதோ ஒரு வீடியோ பார்க்கிறான், பெரிய டர்போ போட்ட வண்டி உறுமிக்கொண்டு பறக்கிறது. விலை விசாரிக்கிறான், அட்வான்ஸ் அனுப்புகிறான். "தம்பி, கிளட்ச்சு, பிரேக்கு எல்லாம் பாக்கணுமே" என்று மெக்கானிக் இழுத்தால், "அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்ணா" என்கிறான்.

அந்த "அப்புறம் பாத்துக்கலாம்" மீதுதான் இந்தக் கட்டுரைக்குக் கோபம். டர்போ மீது இல்லை.

டர்போ என்பதே சிக்கனத்தில் பிறந்த பொருள். ஆல்ஃப்ரட் பூஷி என்ற சுவிட்சர்லாந்து இன்ஜினியர் 1905-ல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். சைலென்சர் வழியாக வீணாகப் போகும் சூட்டையும் புகையையும் வைத்து ஒரு சக்கரத்தைச் சுற்றி, அதே தண்டில் உள்ள இன்னொரு சக்கரத்தால் காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் தள்ளலாம் என்பது யோசனை. முதலில் கப்பலுக்கும் லாரிக்கும் போனது. 1962-ல்தான் அமெரிக்காவில் கார்களுக்கு வந்தது. வீணாவதைக் காசாக்கப் பிறந்த சாமானை வைத்துக் காசை வீணாக்குவது... என்னத்தைச் சொல்ல!

சரி, பெரிய டர்போ போட்டால் உள்ளே என்ன நடக்கிறது? காற்று அதிகம் வரும். ஏறக்குறைய பதினாலே முக்கால் கிலோ காற்றுக்கு ஒரு கிலோ பெட்ரோல் என்பது கணக்கு. ஆக பெட்ரோலும் அதிகம் வேண்டும். பழைய பம்ப்பும் இன்ஜெக்டரும் தாங்காது. அமுக்கிய காற்று சூடாகும், அதற்குப் பெரிய இன்டர்கூலர். சேலத்தில் சித்திரை வெயில் 40 டிகிரி. ஐரோப்பாக் குளிரில் ஓடிய வண்டியின் வீடியோவைப் பார்த்து இங்கே திட்டம் போட முடியாது. காற்று சூடானால் பெட்ரோல் நேரம் தவறி வெடிக்கும், பிஸ்டன் உடையும். அதைத் தடுக்க ஆக்டேன் கூடிய பெட்ரோல் வேண்டும். அது எல்லா பங்க்கிலும் கிடைக்காது. கிடைக்கிற இடத்தில் விலை கூட.

நிஜ வண்டி ஒன்றையே எடுத்துக்கொள்வோம். 2017-ல் இந்தியாவுக்கு வந்த ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ். அறிமுக விலை ஷோரூமில் 24.62 லட்சம். 230 குதிரைத்திறன், 350 நியூட்டன் மீட்டர் இழுவை. இதில் இருக்கும் ஐ.எஸ்.20 டர்போவைக் கழற்றிவிட்டு, கோல்ஃப் ஆர் காரில் வரும் ஐ.எஸ்.38-ஐப் போடுவது உலகம் முழுக்க மாடிஃபை பிரியர்கள் செய்யும் வேலை. ஆனால் அந்த வண்டியின் ஆறு கியர் டி.எஸ்.ஜி. பெட்டியை வோக்ஸ்வாகன் வடிவமைத்ததே சுமார் 350 நியூட்டன் மீட்டருக்குத்தான். அதாவது கம்பெனியிலிருந்து வரும்போதே கியர் பெட்டி கழுத்து வரை சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறது! அதன் தலையில் மேலும் ஒரு மூட்டையை ஏற்றினால் கிளட்ச் வழுக்காமல் என்ன செய்யும்?

இனி நோட்டை எடுப்போம். டர்போ 2 லட்சம், கையில் இருப்பது 5 லட்சம் என்று வைத்துக்கொள்ளலாம் (கணக்குக்காகச் சொல்வது, கடை விலை இல்லை). பையன் போடும் கணக்கு: 5-ல் 2 போனால் 3 லட்சம் மிச்சம், ஜாலி! லாரிக்கார அப்பா போடும் கணக்கு வேறு. எதிர்பாராத செலவுக்கு என்று முதலிலேயே 1 லட்சத்தை ஒதுக்கி வைப்பார். மீதி 4 லட்சம். அதில் பிரேக், டயர், சஸ்பென்ஷன். அடுத்து இன்டர்கூலர், ரேடியேட்டர், ஆயில். அடுத்து பம்ப், இன்ஜெக்டர். அடுத்து கிளட்ச். அப்புறம் டியூனிங், டைனோ, கேஸ்கெட், லேபர். வெளிநாட்டு பார்ட்ஸ் என்றால் சுங்க வரி, அதன் மேல் ஜி.எஸ்.டி. வாரன்டி போவதையும், விற்கும்போது விலை குறைவதையும் தனி வரியாக எழுதுவார். இத்தனையும் போக மிச்சம் 2 லட்சம் நின்றால் டர்போ வாங்கலாம். நிற்காவிட்டால் இந்த வருஷம் டர்போ இல்லை. அவ்வளவுதான்.

காமர்ஸில் இரண்டு விஷயம் சொல்லித் தருவார்கள். ஒன்று, வாங்கும் விலை வேறு, சொந்தம் கொண்டாடும் செலவு வேறு. இன்னொன்று, போன காசு போனதுதான், அதைக் காரணம் காட்டி மேலும் காசு போடாதே. டர்போவை முதலில் வாங்குபவன் இரண்டிலும் மாட்டுகிறான். டர்போ வந்து ஷெட்டில் கிடக்கும். "இவ்வளவு போட்டாச்சு, மாட்டித்தான் பாப்போமே" என்று பழைய பிரேக்கோடு மாட்டுவான்.

"அவன் காசு, அவன் வண்டி, உங்களுக்கு என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான், ரோடும் அவனுடையதாக இருந்தால்! சேலம்-நாமக்கல் பைபாஸில் அவனோடு முட்டை வண்டியும், கரும்பு டிராக்டரும், பின்னால் சம்சாரத்தை உட்கார வைத்து எக்ஸ்.எல். ஓட்டும் பெரியவரும் போகிறார்கள். 230-க்கு அளவெடுத்த பிரேக்கை 350 குதிரைக்கு நம்பி ஓட்டுபவனின் பட்ஜெட்டில் விட்டுப்போன வரிக்கு அந்தப் பெரியவர் ஏன் பணம் கட்ட வேண்டும்?

சட்டமும் சும்மா இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52: தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை உறுதியாகச் சொன்னது. அதே வருஷம் வந்த திருத்தத்தில் பிரிவு 182ஏ சேர்ந்தது. அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லாமல் மாற்றியிருந்தால் கிளைம் தகராறு வேறு.

"நாமக்கல்லில் லாரிக்கே பாடியை மாத்திக் கட்டறாங்களே?" என்று மடக்கப் பார்ப்பார்கள். அங்கே சேஸிஸாக வரும் புது வண்டிக்குப் பாடி கட்டிய பிறகுதான் ரிஜிஸ்டரே ஆகிறது. கட்டிய பாடி ஆர்.சி.யில் ஏறுகிறது. விதிக்குள் நடக்கும் தொழில் அது. ராத்திரியோடு ராத்திரியாக ஷெட்டில் டர்போ மாட்டுவதும் அதுவும் ஒன்றில்லை.

வேகம் வேண்டுமா? வேண்டும்தான், இருபது வயதில் யாருக்குத்தான் வேண்டாம்! அதற்கு இடம் இருக்கிறது. கோவை செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே 2003-லிருந்து இருக்கிறது. ரேஸ் கார்களை இந்தியாவிலேயே கட்டிக் காட்டிய கரிவரதன் பெயரில் உள்ள டிராக். சேலத்தில் இருந்து காலையில் கிளம்பினால் மதியத்துக்குள் அங்கே. டிராக்குக்கென்று தனியாக ஒரு வண்டி, அதற்கென்று தனி நோட்டு, டிரெய்லரில் ஏற்றிப் போய் இறக்கி ஓட்டட்டும். உயிரோடு விளையாடாமல் ஓட்டக் கற்றுக்கொள்ளவும் செய்யலாம்.

ரோட்டில் ஓட்டும் வண்டிக்குப் பணம் போட்டே தீர வேண்டும் என்றால் நல்ல டயர், நல்ல பிரேக் பேட், புது பிரேக் ஆயில். இதோடு நிறுத்தினாலே ஏற்காட்டின் இருபது கொண்டை ஊசி வளைவிலும் வித்தியாசம் தெரியும். குதிரைத்திறனில் ஒன்றுகூட ஏறியிருக்காது.

அதற்கும் மேலே டர்போதான் வேணும் என்று அடம்பிடிக்கும் தம்பிமார்கள் அட்வான்ஸ் அனுப்பும் முன் ஒரே ஒரு வேலை செய்யட்டும். மொத்தக் கணக்கையும் அப்பாவின் நீள நோட்டில், அப்பாவின் கையெழுத்துக்குக் கீழேயே, ஒரு பக்கம் எழுதி அவர் கையில் கொடுக்கட்டும். அவர் படித்து முடிக்கும் வரை எதிரில் நிற்க தைரியம் இருந்தால் வாங்கலாம் :-)