சட்டம் பிடித்த உறுப்பு, தப்பிய துப்பாக்கி

1963 நவம்பர் 22 அன்று டல்லஸ் நகரில் அதிபர் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டார். பாடநூல் கிடங்கின் ஆறாவது மாடியில் கிடைத்த இத்தாலிய ரைஃபிளில் 'சி2766' என்ற எண் பொறிக்கப்பட்டிருந்தது. அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு போன எஃப்.பி.ஐ., மறுநாள் பொழுது விடிவதற்குள் சிகாகோவில் ஒரு விளையாட்டுப் பொருள் கடையின் மைக்ரோஃபிலிம் சுருளில் அதன் விற்பனைச் சீட்டைக் கண்டெடுத்துவிட்டது. 21 டாலர் 45 சென்ட்டைத் தபாலில் அனுப்பி, ஏ. ஹிடெல் என்ற பொய்ப் பெயரில் அதை வாங்கியிருந்தார் லீ ஹார்வி ஆஸ்வால்ட். பெயர் பொய். ஆனால், கையெழுத்தும் தபால் பெட்டி எண்ணும் அவரைக் காட்டிக்கொடுத்தன.

ஐந்தாண்டுகள் கழித்து, மார்ட்டின் லூதர் கிங்கும் ராபர்ட் கென்னடியும் இரண்டு மாத இடைவெளியில் கொல்லப்பட்ட பிறகுதான் 1968-இன் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் நிறைவேறியது. பொதுமக்கள் மாநிலம் விட்டு மாநிலம் தபாலில் துப்பாக்கி வாங்குவது நின்றது. தயாரிப்பாளரும் இறக்குமதியாளரும் ஒவ்வொரு துப்பாக்கியிலும் தொடர் எண் பொறிக்க வேண்டும் என்றானது. அப்போது ஒரு நடைமுறைச் சிக்கல் எழுந்தது. துப்பாக்கியைப் பிரித்தால் டஜன் கணக்கில் உதிரிகள் வரும். அவற்றில் எதைத் துப்பாக்கி என்று கணக்கில் எடுப்பது? 1938-ஆம் ஆண்டுச் சட்டம் எல்லா உதிரிகளையும் துப்பாக்கியாகவே கருதியது. திருகுக்கும் சுருள்வில்லுக்கும் கணக்கு வைப்பது நடக்கிற காரியமாக இல்லை. எனவே 1968-இல் நாடாளுமன்றம் ஒரே உறுப்பில் கைவைத்தது. அதுதான் சட்டகம், அல்லது ரிசீவர்.

அன்றைய ரைஃபிள்களுக்கு அது சரியான தேர்வு. வேட்டைக்காரர் கையிலிருந்த பழைய ரைஃபிளில் ரிசீவர்தான் உடல். குழல் அதில்தான் திருகப்படும். குழலின் பின்வாயை அடைக்கும் போல்ட் அதற்குள்தான் ஓடிப் பூட்டிக்கொள்ளும். தோட்டா வெடிக்கும்போது பின்னோக்கி வரும் அழுத்தம் முழுவதையும் அதுவே தாங்கும். நல்ல எஃகு, பெரிய சம்மட்டி இயந்திரம், உலை, கடைசல், தேர்ந்த கைகள் எல்லாம் சேர்ந்தால்தான் ஒரு ரிசீவர் உருவாகும். தொழிற்சாலைக்கு வெளியே எளிதில் செய்ய முடியாத உறுப்பின் மீது எண்ணைப் பொறித்தால், துப்பாக்கி முழுவதும் கணக்குக்குள் வந்துவிடும்.

சட்டம் வருவதற்குப் பத்தாண்டுகளுக்கும் முன்பே அந்தக் கணக்கைக் குலைக்கும் ஒரு வடிவமைப்பு கலிஃபோர்னியாவில் பிறந்திருந்தது. ஃபேர்சைல்ட் என்ற விமான நிறுவனத்தின் பிரிவான ஆர்மலைட்டில் பணியாற்றிய யூஜின் ஸ்டோனர், விமானத் தொழிலின் பொருட்களை ரைஃபிளுக்குக் கொண்டுவந்தார். ரிசீவரை மேல்பாதி, கீழ்ப்பாதி என இரண்டாகப் பிரித்து, இரண்டையும் அலுமினியத்தில் அமைத்தார். எஃகின் வேலையை அலுமினியம் எப்படிச் செய்தது? அழுத்தத்தை ரிசீவர் தாங்க வேண்டிய தேவையே அவர் வடிவமைப்பில் இல்லை. போல்ட் நேராகக் குழலின் பின்முனையோடு பூட்டிக்கொள்ளும். வெடிப்பின் வேகம் அந்த இரண்டு எஃகு உறுப்புகளுக்கு இடையிலேயே அடங்கிவிடும். அந்த வழியில் வந்ததுதான் ஏ.ஆர்.-15. இன்று அமெரிக்காவில் மிகுதியாக விற்கும் ரைஃபிள் வகை அது.

மத்திய அரசின் துப்பாக்கி முகமையான ஏ.டி.எஃப்., இந்த வகை ரைஃபிளில் கீழ்ப்பாதியையே ரிசீவர் என்று வகைப்படுத்தியது. விசையும் சுத்தியும் தோட்டாப் பெட்டியும் பொருந்தும் பாதி அது. கோளாறு இங்கேதான் நுழைந்தது. அடையாள அட்டை கேட்காமல் குழலையும் போல்ட்டையும் யாருக்கும் விற்கலாம். எண்ணும் பின்னணிச் சோதனையும், மிகக் குறைந்த சுமை ஏறும் பாதிக்கு மட்டும். 1978-ஆம் ஆண்டு விதி ரிசீவருக்குத் தந்த வரையறை, போல்ட்டும் சுத்தியும் விசையும் ஒரே கூட்டுக்குள் இருப்பதாக எண்ணி எழுதப்பட்டது. இரண்டாகப் பிரிந்த ஏ.ஆர்.-15-இன் எந்தப் பாதியும் அதில் முழுதாக அடங்காது. 2019-இல் கலிஃபோர்னியாவில் ஒரு வழக்கில், கீழ்ப்பாதி மட்டும் ரிசீவர் ஆகாது என்ற திசையில் நீதிபதி சாய்ந்தபோது, அந்தக் கருத்து இறுதித் தீர்ப்பாகிவிடுவதைத் தவிர்க்க அரசுத் தரப்பே சமரசத்துக்கு இறங்கியது.

இந்த ஓட்டையைச் சட்டமியற்றியவர்களைவிட நன்றாக அறிந்தவர்கள் வீட்டுப் பட்டறைக்காரர்கள். அவர்களை எல்லாம் குற்றவாளிகளாகப் பார்ப்பது தவறு. 18-ஆம் நூற்றாண்டில் பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் பகுதியில் குடியேறிய ஜெர்மன் கொல்லர்கள் செய்த நீளக்குழல் ரைஃபிள்கள் வரை பின்னோக்கிப் போகிற மரபு அது. துப்பாக்கி வைத்திருக்கத் தடை இல்லாத ஒருவர், விற்பனைக்கு அல்லாமல் தன் சொந்தப் பயனுக்குத் துப்பாக்கி செய்துகொள்ள மத்திய சட்டம் இடம் தருகிறது. அதற்கு எண் பொறிக்கவும் கட்டாயம் இல்லை. எஃகா, அலுமினியமா, பாலிமரா. வார்ப்பா, அடித்து உருவாக்கியதா. எங்கே விரிசல் விடும், எவ்வளவு காலம் தாங்கும் என்று அவர்கள் மணிக்கணக்கில் விவாதிக்கிறார்கள். அதில் உண்மையான தொழில் அக்கறை இருக்கிறது. அந்த அக்கறையை ஏற்றுக்கொண்டு பேசினால்தான் அவர்களோடு வாதமே செய்ய முடியும்.

அவர்கள் நன்கறிந்த ஒரு வரலாறு இந்த வாதத்துக்கு உதவும். அமெரிக்க ராணுவத்தின் 1903-ஆம் ஆண்டு மாதிரி ஸ்பிரிங்ஃபீல்டு ரைஃபிளின் கதை அது. முதல் உலகப் போரில் அமெரிக்கா இறங்கிய 1917-இல், இந்த ரைஃபிள்களில் சில சுடுபவரின் முகத்துக்கு அருகிலேயே வெடித்துச் சிதறின. ரிசீவர் வளையவில்லை, பிதுங்கவில்லை. கண்ணாடிபோல் துண்டு துண்டாக உடைந்தது. மசாசூசெட்ஸ் மாநில ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதச்சாலையில் விசாரித்தபோது காரணம் உலைக்களத்தில் கிடைத்தது. எஃகு எவ்வளவு காய்ந்திருக்கிறது என்பதை அனுபவம் மிக்க தொழிலாளர்கள் அதன் நிறத்தைப் பார்த்தே முடிவு செய்துவந்தார்கள். வெப்பமானியை வைத்து அளந்தபோதுதான் பிழை தெரிந்தது. வெயில் பளிச்சென்று அடிக்கும் நாளில் 'சரியான சிவப்பு' என்று அவர்கள் சொன்ன சூடு, மேகமூட்டமான நாளில் அதே கண் சொன்ன சூட்டைவிட 300 டிகிரி ஃபாரன்ஹீட் வரை கூடுதலாக இருந்தது. வெளிச்சம் கண்ணை ஏமாற்ற, எஃகு கருகிப்போனது. வெளியே பார்க்க எந்தக் குறையும் தெரியாது.

1918-இல் வெப்பமூட்டும் முறை மாற்றப்பட்டது. ஆனால், அதற்குள் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட ரைஃபிள்கள் ராணுவத்துக்குப் போய்விட்டன. எது பழைய முறை, எது புதிய முறை என்று பிரித்தறிய ஒரே வழி தொடர் எண்தான். ஸ்பிரிங்ஃபீல்டில் செய்தது என்றால் 8 லட்சத்துக்குக் கீழே. ராக் ஐலண்டு ஆயுதச்சாலையில் செய்தது என்றால் 2,85,507-க்குக் கீழே. அந்த எண்கள் உள்ளவை ஐயத்துக்கு உரியவை. ராணுவ அதிகாரி ஜூலியன் ஹேட்சர் இந்த விபத்துகளை ஆராய்ந்து, 1947-இல் வெளிவந்த தன் குறிப்பேட்டு நூலில் விரிவாகப் பதிவு செய்தார். நூற்றாண்டு கழிந்த பின்னும், பழைய ஸ்பிரிங்ஃபீல்டைக் கையில் எடுக்கும் சேகரிப்பாளர் முதலில் எண்ணைத்தான் பார்க்கிறார்.

எண் என்றாலே போலீஸ், பதிவேடு, பறிமுதல் என்று அமெரிக்கத் துப்பாக்கி ஆர்வலர்கள் சினம் கொள்கிறார்கள். அதே எண்தான் கருகிய எஃகு எது, நல்ல எஃகு எது என்று அவர்களுக்குச் சொல்லி, அவர்களின் கண்ணையும் விரலையும் காப்பாற்றியிருக்கிறது. யார் செய்தது, எப்போது செய்தது, எந்த முறையில் செய்தது என்பதற்கான சான்று அது. எண் இல்லாத வீட்டு ரைஃபிள் இன்னொருவர் கைக்குப் போகும்போது அந்தச் சான்று எதுவும் கூடப் போவதில்லை.

மறுபக்கம் ரத்தமும் இருக்கிறது. 2013 ஜூனில் சான்டா மோனிக்காவில் ஐந்து பேரைக் கொன்ற இளைஞர், அதற்கு முன்பு கடையில் துப்பாக்கி வாங்க முயன்று சோதனையில் நிராகரிக்கப்பட்டவர். உதிரிகளைச் சேர்த்துத் தானே ரைஃபிளை உருவாக்கிக்கொண்டார். 2017 நவம்பரில் வட கலிஃபோர்னியாவின் ராஞ்சோ டெஹாமாவில் ஐந்து பேரைக் கொன்றவர், துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்று நீதிமன்றம் தடுத்திருந்தவர்; அவர் கையில் வீட்டில் செய்த ரைஃபிள்கள் இருந்தன. 2019-இல் சான்டா கிளாரிட்டாவின் சாகஸ் உயர்நிலைப் பள்ளியில் 16 வயது மாணவன் பயன்படுத்திய கைத்துப்பாக்கியும் உதிரித் தொகுப்பிலிருந்து உருவானதே. முதல் இரண்டு சம்பவங்களில், கடைக் கதவைச் சட்டம் சரியாகவே மூடியிருந்தது. பட்டறைக் கதவு திறந்துகிடந்தது.

அந்தக் கதவு வழியே பெரும் வணிகம் நுழைந்தது. ரிசீவரை முக்கால்வாசிக்கு மேல் முடித்து, 'இது இன்னும் துப்பாக்கி அல்ல' என்று சொல்லி, தொடர் எண்ணும் சோதனையும் இல்லாமல் விற்றார்கள். '80 சதவீதம்' என்பது இதற்குச் சந்தை வைத்த பெயர். நெவாடாவின் பாலிமர்80 நிறுவனம், கைத்துப்பாக்கிக்கான எல்லா உதிரிகளையும் ஒரே பெட்டியில் போட்டு விற்றது. பழக்கமே இல்லாத ஒருவர், சாதாரணக் கருவிகளையும் இணையக் காணொளிகளையும் வைத்துக்கொண்டு அதை 21 நிமிடத்தில் துப்பாக்கியாக்கினார் என்பது உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது. இது கைத்தொழில் மரபு என்ற வாதத்தை அந்த 21 நிமிடங்களோடு வைத்துப் பார்க்க வேண்டும். லங்காஸ்டர் கொல்லர்களின் பெயரைச் சொல்லி இந்தப் பெட்டியைப் பாதுகாப்பது அந்தக் கொல்லர்களுக்குச் செய்யும் அவமதிப்பு.

மேற்கு வர்ஜீனியாவின் மார்ட்டின்ஸ்பர்க்கில் ஏ.டி.எஃப். நடத்தும் தடமறியும் மையத்தைப் பார்த்தால், எண் இல்லாததன் விளைவு விளங்கும். குற்ற இடத்தில் கிடைத்த துப்பாக்கியின் எண் அங்கே வரும். ஊழியர்கள் தயாரிப்பாளரை அழைத்து, அங்கிருந்து மொத்த வியாபாரி, கடைக்காரர் என்று படிப்படியாக இறங்கி, முதன்முதலில் வாங்கியவர் கையெழுத்திட்ட தாளை அடைவார்கள். மூடப்பட்ட கடைகளின் பதிவேடுகள் பெட்டி பெட்டியாக அங்கே வந்து குவிகின்றன. மத்திய அரசு துப்பாக்கிப் பதிவேடு உருவாக்குவதைச் சட்டம் தடுப்பதால், பெயரைத் தட்டித் தேடும் வசதி கிடையாது. படமாக்கிய தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டுகிறார்கள். இப்படி ஆண்டுக்கு ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட கோரிக்கைகள். எண்ணே இல்லாத துப்பாக்கி வந்தால் புரட்டுவதற்குத் தாளே இல்லை. 2017-இல் இப்படி வந்தவை சுமார் 1,600; 2021-இல் 19,000-க்கும் மேல்.

2022-இல் பைடன் அரசு விதியைத் திருத்தியது. எளிதில் துப்பாக்கியாக்கக்கூடிய தொகுப்பும், அரைகுறையாக முடித்த ரிசீவரும் இனித் துப்பாக்கியே. எண்ணும் சோதனையும் கட்டாயம். விதியை எதிர்த்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2024 அக்டோபரில் நடந்த வாதத்தில், முட்டையும் நறுக்கிய வெங்காயமும் மிளகாயும் மேசையில் இருந்தால் அது ஆம்லெட் ஆகிவிடுமா என்று கேட்டார் நீதிபதி அலிட்டோ. எல்லாம் அளந்து ஒரே பெட்டியில் சமையல் குறிப்போடு வந்தால் என்ன என்று எதிர்க்கேள்வி வைத்தார் நீதிபதி பேரட். 2025 மார்ச் 26 அன்று 7-2 என்ற பெரும்பான்மையில் விதி நிலைத்தது. தீர்ப்பை எழுதியவர் பழமைவாதியாகக் கருதப்படும் நீதிபதி கோர்சச்.

நல்ல தீர்ப்புதான். ஆனால், விதி முழுவதும் செல்லாது என்ற வாதத்தை மட்டுமே அது நிராகரித்தது. எந்த நிலையில் உலோகக் கட்டி ரிசீவராகிறது என்ற எல்லைக்கோட்டை எதிர்கால வழக்குகளுக்கு விட்டுவிட்டது. மேலும், ஓர் அரசு எழுதிய விதியை அடுத்த அரசு அழிக்கலாம். முந்தைய ஆட்சியின் துப்பாக்கி விதிகளை மறுஆய்வு செய்யும்படி 2025 பிப்ரவரியிலேயே டிரம்ப் ஆணையிட்டுவிட்டார். நாடாளுமன்றம் சட்டமாக்காதவரை இந்த விதிக்கு ஆயுள் உத்தரவாதம் இல்லை.

அப்படிச் சட்டம் வருமானால், 1968-இன் ஒற்றை உறுப்புக் கணக்கை அது கைவிட வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2021-ஆம் ஆண்டு ஆணை குழல், போல்ட், சுழலும் உருளை, ரிசீவரின் இரு பாதிகள் எல்லாவற்றையும் இன்றியமையா உறுப்புகளாகப் பட்டியலிடுகிறது. இந்தியாவின் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் இன்னும் அகலமானது. ஆயுதத்தின் உதிரிகளையும் அதைச் செய்யும் இயந்திரங்களையும்கூட 'ஆயுதம்' என்ற சொல்லுக்குள் அடக்குகிறது. இவை எல்லாத் துப்பாக்கியையும் தடுத்துவிடவில்லை. 2019-இல் ஜெர்மனியின் ஹாலே நகர யூத ஆலயத்தைத் தாக்கியவரிடமும், 2022-இல் ஜப்பானில் ஷின்சோ அபேயைக் கொன்றவரிடமும் இருந்தவை தாங்களே செய்த ஆயுதங்கள். ஆனால், ஹாலேயில் அந்த ஆயுதம் மீண்டும் மீண்டும் அடைத்துக்கொண்டது. அதனால் தப்பிய உயிர்கள் பல. நல்ல உறுப்புகள் எளிதில் கிடைக்காத இடத்தில் கொலைகாரருக்கு வாய்ப்பது இத்தகைய நம்பகமற்ற கருவி.

அழுத்தத்தைத் தாங்கும் குழலும் போல்ட்டும் சோதனைக்குள் வந்தால், பிளாஸ்டிக்கிலோ அலுமினியத்திலோ கீழ்ப்பாதியை யார் எப்படி உருவாக்கினாலும் துப்பாக்கி முழுமை பெற ஒரு கடைக்காரரைக் கடந்தாக வேண்டும். பட்டறை மரபும் இதனால் அழியாது. கலிஃபோர்னியாவில் 2018 முதல், வீட்டில் துப்பாக்கி செய்ய விரும்புபவர் முன்கூட்டியே மாநில நீதித் துறையிடம் எண் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். சோதனையில் தேறினால்தான் எண் கிடைக்கும். பதிவேடு என்றால் அஞ்சும் மாநிலங்களில் இதே வேலையை உள்ளூர் உரிமக் கடைக்காரரே செய்யலாம். எண் இல்லாத வீட்டுத் துப்பாக்கி தன் இருப்புக்கு வந்தால் எண் பொறிக்க வேண்டும் என்று 2022 விதி ஏற்கெனவே அவரைப் பணித்திருக்கிறது. துப்பாக்கி உருவான பிறகு என்பதை உருவாவதற்கு முன்பு என்று மாற்றினால் போதும். ஆர்வலர் அடையாள அட்டையைக் காட்டி, சோதனையில் தேறி, எண்ணை வாங்கிக்கொண்டு தன் பட்டறைக்குத் திரும்பலாம். தாள் அந்தக் கடையின் அலமாரியில் இருக்கும், மார்ட்டின்ஸ்பர்க்கிலிருந்து அழைப்பு வரும் நாளில் மட்டும் அது வெளியே வரும்.