காரியஸ்தர் வீட்டில் இல்லையா, கதவு பூட்டியிருக்கிறதா?

சென்ற வாரம் ஒரு நாள் இரவு ஒன்பது மணிக்கு டெலிபோன் மணி அடித்தது. என் அண்ணா பெண். குரல் கம்மியிருந்தது.

"அத்தை, நாளைக் காலை பத்து மணிக்கு நான் காட்டியாக வேண்டும். இந்த லினக்ஸ் என்னை உள்ளேயே விடமாட்டேன் என்கிறது!"

விஷயம் இதுதான். கல்யாணத்துக்கு முன்பு ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தவள் அவள். குழந்தை பிறந்து, ஐந்து வருஷம் வீட்டோடு இருந்துவிட்டு, இப்போது மறுபடியும் வேலைக்கு மனுப் போட்டிருக்கிறாள். "உங்கள் கம்ப்யூட்டரில் இரண்டு மெய்நிகர் யந்திரங்களை நிறுவி, ஒன்றோடொன்று பேசும்படி செய்து காட்டுங்கள்" என்று பரீட்சை வைத்திருக்கிறார்கள். ஐந்து வருஷ இடைவெளியைக் கண்டு முகம் சுளித்த இடங்கள் ஏற்கெனவே மூன்று. இதுவும் போய்விட்டால் என்ன செய்வது என்று பயந்துவிட்டாள்.

மெய்நிகர் யந்திரம் என்றால் மலைக்க வேண்டாம், சகோதரிகளே! நம் வீட்டு மாடியைத் தடுத்து வாடகைக்கு விடுகிறோமே, அதுபோலத்தான். வீடு ஒன்று, ஆனால் மாடியில் குடியிருப்பவர்களுக்குச் சமையலறை தனி, சாவி தனி. அப்படியே ஒரு கம்ப்யூட்டருக்குள் கொஞ்சம் நினைவகமும் கொஞ்சம் டிஸ்க்கும் ஒதுக்கி, இன்னொரு கம்ப்யூட்டரைக் குடிவைப்பது. இதற்கு வேண்டிய 'கேவிஎம்' என்னும் வசதி 2007-ஆம் வருஷத்திலிருந்து லினக்ஸின் கருவிலேயே சேர்ந்திருக்கிறது. நாம் பார்ப்பது 'வர்ட்-மேனேஜர்' என்ற ஜன்னல் மட்டும். உள்ளே உட்கார்ந்து காரியம் பார்ப்பவர் 'லிப்வர்ட்-டி' என்ற காரியஸ்தர். ஜன்னலுக்கும் காரியஸ்தருக்கும் பேச்சு அறுந்துபோனால்தான் "இணைக்க முடியவில்லை" என்று சிவப்புக் கொடி காட்டுகிறது.

யாரோ ஒரு புண்ணியவான் அவளிடம், "லினக்ஸையே அழித்துவிட்டு மறுபடி போடு" என்று யோசனை சொல்லியிருக்கிறார். பல் வலிக்குத் தலையை எடுக்கிற வைத்தியம்! "அதெல்லாம் வேண்டாம். அந்தச் செய்தியின் கடைசி நாலு வார்த்தையை மட்டும் படி" என்றேன்.

ஏன் கடைசி வார்த்தைகள்? அங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. "நோ ஸச் ஃபைல் ஆர் டைரக்டரி" என்று முடிந்தால், பெரும்பாலும் காரியஸ்தர் வீட்டில் இல்லை என்று அர்த்தம். உபுண்டுவாக இருந்தால் 'லிப்வர்ட்-டீமன்-சிஸ்டம்' என்ற பொதி நிறுவப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, 'சூடோ சிஸ்டம்சிடிஎல் ஸ்டார்ட் லிப்வர்ட்டி' என்று எழுப்பிவிட வேண்டும். (2021-இல் வந்த 35-ஆம் பதிப்பு முதல் ஃபெடோராவில் காரியஸ்தரின் பெயரே 'வர்ட்க்யூஎமுடி' என்று மாறிவிட்டது. பழைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டாம்.) "பர்மிஷன் டினைட்" என்று முடிந்தால், காரியஸ்தர் இருக்கிறார், நம்மைத்தான் அவருக்குத் தெரியவில்லை.

"பர்மிஷன் டினைட், அத்தை."

எனக்கு நிம்மதியாயிற்று. 'லிப்வர்ட்' என்ற குழுவில் அவள் பெயரைச் சேர்த்தால் போதும். 'சூடோ யூஸர்மாட் -ஏஜி லிப்வர்ட்' என்று அடித்து, அதன் பின்னால் தன் பயனர் பெயரைப் போட வேண்டும். இங்கே ஒரு நிமிஷம் நில்லுங்கள். 'ஏ' சின்ன எழுத்து, 'ஜி' பெரிய எழுத்து. அந்தச் சின்ன 'ஏ'யை விட்டுவிட்டீர்களோ, புதிய குழுவில் சேர்ப்பதோடு, மற்ற குழுக்களிலிருந்தெல்லாம் உங்கள் பெயரை அடித்துவிடும். அப்புறம் 'சூடோ' என்றாலே கம்ப்யூட்டர் "நீ யார்?" என்று கேட்கும். மருமகளை ரேஷன் அட்டையில் சேர்க்கப் போய், மற்றவர்கள் பெயரை எடுத்துவிட்ட கதைதான். ஆகையால் எழுத்தெழுத்தாகச் சொல்லச் சொல்லி அடிக்க வைத்தேன்.

ஐந்து நிமிஷம் கழித்து மறுபடி மணி. "அதே பிழை!" என்று அழுதேவிட்டாள்.

"வெளியேறி மறுபடி உள்ளே வந்தாயா?"

"டெர்மினலை மூடித் திறந்தேனே!"

அது போதாது. குழுக்களின் பட்டியலை லினக்ஸ் நாம் உள்ளே நுழையும்போதுதான் பார்க்கிறது. முழுவதும் லாக்-அவுட் செய்து வரவேண்டும். கம்ப்யூட்டரையே ஒருமுறை அணைத்துப் போட்டாலும் சரி. 'ஐடி' என்று அடித்தால் குழுக்கள் வரிசையாக வரும். அதில் 'லிப்வர்ட்' இருக்க வேண்டும். இருந்தது. ஜன்னலும் திறந்தது.

பத்தே முக்கால் மணிக்கு அடுத்த தொல்லை. முதல் யந்திரத்தைக் கிளப்பினால், 'டிஃபால்ட்' வலையமைப்பு இயங்கவில்லை என்றது. 'சூடோ வர்ஷ் நெட்-ஸ்டார்ட் டிஃபால்ட்', பிறகு 'சூடோ வர்ஷ் நெட்-ஆட்டோஸ்டார்ட் டிஃபால்ட்'. முதலாவது இன்றைக்கு, இரண்டாவது என்றைக்கும். 'சூடோ'வை விட்டுவிட்டால் வர்ஷ், பொதுக் காரியஸ்தரிடம் போகாமல் உங்கள் சொந்த அறைக்குள்ளேயே தேடிவிட்டு, "அப்படி ஒரு வலையமைப்பே இல்லை" என்று கையை விரிக்கும். பல பேர் நிறுவிய யந்திரம் காணாமல் போய்விட்டதென்று கலங்குவதும் இதனால்தான். எங்கும் போகவில்லை, பார்த்த அறை வேறு!

அதன் பிறகு இரண்டு யந்திரங்களுக்கும் 192.168.122 என்று தொடங்கும் விலாசங்கள் கிடைத்தன. ஒன்றிலிருந்து மற்றதற்குப் 'பிங்' அனுப்பினாள், பதில் வந்தது. மணி பதினொன்றரை. குழந்தை விழித்துக்கொண்டு அழ, டெலிபோனை வைத்துவிட்டாள்.

மறுநாள் காட்டியபோது, "ஏன் சின்ன 'ஏ' போட்டீர்கள்?" என்று ஒருவர் கேட்டாராம். ரேஷன் அட்டைக் கதையைச் சொல்லியிருக்கிறாள், எல்லோரும் சிரித்தார்களாம்.

வேலை கிடைத்ததா என்று கேட்கிறீர்களா? இரண்டாம் சுற்றுக்கு வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். அன்று குழந்தையைப் பார்த்துக்கொள்ள நான் தாம்பரம் போகிறேன். ஆகையால் இந்த வாரம் கடிதம் போட்ட சகோதரிகள் பதிலுக்கு இரண்டு நாள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.